வீணையில் பதிந்த பல் தடம்

கண்ணு,

நானும் அப்பாவும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். அதைச் சொல்ல இத்தனை காகிதம் வாங்கியிருக்க மாட்டேன். விஷயம் வேறு. போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து போன் செய்தபோதே பேசியிருக்கலாம். ஆனால் நமக்குப் போன் வருவது பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவின் ஹாலில். அந்த அம்மா டிவி சத்தத்தை நமக்காகக் குறைப்பது போலக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ரிசீவரை வைத்த கையோடு "ஏனு சமாச்சார?" என்று சேதி கேட்பாள். உனக்குக் கேட்கும்படி பேசினால் மண்டி மொஹல்லாத் தெருவெல்லாம் கேட்கும். சரி, வீட்டுக்குள் வைத்துப் பேசலாம் என்றால் அதுவும் ஆகாது. உன் அப்பாவிடம் சொல்லும் ரகசியம் தெருவுக்குத்தான் முதலில் போகிறது, அவருக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் இப்போது என் எதிரிலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மளிகைச் சாமான் என்றேன். சீயக்காய் எழுதினாயா என்கிறார்.

சரஸ்வதி பூஜை முடிந்து நீ கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ஆனாலும் அதை இங்கே எழுதிவிடுகிறேன், நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று பிறகு நீ மழுப்பக்கூடாது. பஸ் கிளம்புகிற நேரம் பார்த்து, ஜன்னல் வழியாக, "அம்மா, இடது காது கொஞ்சம் மந்தமா இருக்கு. டாக்டரப் பாத்தேன். அப்பாவுக்கு இருக்கறதுதான்னு சொல்றாரு. கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம். சுமதி வீட்டுல மூச்சு விட்டுறாதே" என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ சொன்னது காதில் விழுந்தது என்பதற்காக ஆட்டிய தலை அது. நீ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் சரி என்று சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

சுமதியிடம் நீ சொல்லிவிட வேண்டும். கார்த்திகை பிறந்ததும் நிச்சயம் என்று பேசியிருக்கிறது, அதற்கு முன்னால் சொல்ல வேண்டும். உன் காது இப்படி இருக்கிறது, இது இன்னும் குறையலாம், நம் வீட்டில் இது தலைமுறை தலைமுறையாக வருகிறது, நாளைக்கு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் வரலாம் என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றால் அது அவர்கள் இஷ்டம். எனக்கு அந்தப் பெண்ணை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். பிடித்திருப்பதால்தான் சொல்கிறேன்.

உன் அப்பாவிடம் இதைச் சொன்னேன், கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். "ஏன், நான் உங்க வீட்டுல சொன்னேனா? சொல்லாமத்தானே கட்டினேன். நீ என்ன ஓடியா போயிட்டே?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னவோ ஜெயித்துவிட்டது போல என்னைப் பார்த்தார். நான் ஓடித்தான் போனேன் கண்ணு. அந்தக் கதை உனக்குத் தெரியாது. அவருக்கும் பாதிதான் தெரியும். இருபத்தெட்டு வயதாகிவிட்ட பிள்ளையிடம் சொல்வதில் தப்பில்லை.

எனக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ராமாபுரத்தில் வளர்ந்த எனக்கு மைசூரே புதிது. நான் பேசுகிற தமிழைக் கேட்டு இந்தத் தெருத் தமிழர்களே சிரித்தார்கள். ஒரு நாள் காலையில் உன் அப்பா குழாயடியில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். வீட்டில் பெரியவர்கள் இருந்ததால் நான் அவருக்குப் பின்னால் போய் நின்று மெதுவாக, "ஏனுங்க, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்குதுங்க" என்றேன். எத்தனை நேரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன் தெரியுமா. அவர் திரும்பவே இல்லை. முகத்தைக் கழுவினார், துண்டால் துடைத்தார், சைக்கிளை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய்விட்டார். சாயங்காலமாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வந்ததும் "என்ன குழம்பு?" என்றார். அன்றைக்கு என் மனசு விட்டுப் போயிற்று. பிள்ளை உண்டானது பிடிக்காத மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று மறுநாளே கொள்ளேகால் பஸ் ஏறி, அங்கிருந்து ராமாபுரம் போய்ச் சேர்ந்துவிட்டேன். அம்மா மடியில் தலைவைத்து அழுதேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் மைசூர்பாகுப் பொட்டலமும். முகத்தில் ஒரு குழப்பம். நான் எதற்காகக் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று அந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் அப்பாவின் தொண்டை உனக்குத் தெரியுமே, மேட்டுக்காட்டில் நின்று கூப்பிட்டால் பள்ளத்துக்காட்டு மாடு திரும்பிப் பார்க்கும். அவர் வாசலில் நின்றுகொண்டே, "வாங்க மாப்ள, தகப்பனாகப் போறீங்க, இப்பவாவது வரோணும்னு தோணுச்சே" என்றார். உன் அப்பா அப்படியே நின்றுவிட்டார். பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு அந்த வாசலிலேயே, அத்தனை பேருக்கு முன்னால் அழுதார். நீ வரப்போவது அவருக்கு அப்போதுதான் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில், "நீ சொல்லவே இல்லையே" என்றார். "சொன்னேனுங்க" என்றேன். "லேத் சத்தத்துல காது அடைச்சுப் போயிருக்கும்" என்றார். நானும் நம்பினேன். லேத் ஓடாத நாளிலும் அவருக்கு அந்தப் பக்கம் கேட்பதில்லை என்று எனக்கு உறைக்க வெகு நாளாயிற்று. அதுவரை நான் சொல்லி அவர் பதில் பேசாத ஒவ்வொரு சொல்லையும் அலட்சியம் என்றே நினைத்து மனசில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இரண்டு பேருக்கும் நஷ்டம்தான்.

இனி அந்த வீணைக்கு வருகிறேன். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பட்டு உறை போட்டு வைத்திருக்கிறோமே, அதைச் செய்தவர் உன் அப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தா, ஆதிமூல ஆசாரி. அவர் கதை உனக்குத் தெரியும், சின்ன வயதில் உனக்குச் சோறூட்டும்போது நானே சொல்லியிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்து குடியேறியவர், வீணை செய்வதில் கெட்டிக்காரர், அரண்மனையில் வாசிக்கிறவர்கள்கூட இவரிடம் வந்து சொல்லி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், தான் செய்த ஒவ்வொரு வீணையிலும் நெற்றியை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அனுப்புவார், வேலை செய்யும்போது மௌன விரதம். இதுதானே நீ கேட்ட கதை. அதனால்தான் நம் வீட்டில் கல்யாணமானால் மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வந்ததும் முதல் காரியமாக அந்த வீணையிடம் போகிறார்கள். பெண் ஒரு தந்தியை மீட்ட வேண்டும், மாப்பிள்ளை குனிந்து அதன் நீண்ட கழுத்தில், தண்டியில், நெற்றியை வைக்க வேண்டும். நானும் மீட்டினேன், உன் அப்பா நெற்றியை வைத்தார், வந்திருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கதையில் பாதி பொய். நான் அதைத் தெரிந்துகொண்டது உன் அத்தையால்தான். நீ அப்போது சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். மத்தியான நேரம், மண்ணெண்ணெய் வரவில்லை என்று ரேஷன் கடைக்காரன் சொன்னதால் போன வேகத்தில் திரும்பி வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அண்ணி, அதுதான் உன் அத்தை, தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வீணையை உறையிலிருந்து எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, யாளி முகத்துக்குக் கீழே, தண்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்தபடி ஒரு தந்தியை மீட்டிக்கொண்டே இருக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். எதிரில் போய் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். "கேக்குது" என்றாள். "பல்லுல வெச்சா கேக்குது. தலைக்குள்ள கேக்குது. நீயும் கடிச்சுப் பாரு."

அண்ணி ஏன் நம் வீட்டில் இருக்கிறாள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தை என்றால் தையல் மெஷினுக்குப் பின்னால் இருப்பவள் என்று வளர்ந்துவிட்டாய். அவளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்தபோது காது நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை பெற்ற பிறகு மளமளவென்று குறைந்துவிட்டது. பிள்ளைப்பேறு சில பெண்களுக்கு இதை அதிகமாக்கிவிடும் என்று ஒரு டாக்டர் வெகுகாலம் கழித்துச் சொன்னார், காதுக்குள்ளே இருக்கும் ஒரு குட்டி எலும்பு இறுகிப் போகிறதாம். அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும். பக்கத்து அறையில் குழந்தை வீல் வீலென்று அழுதாலும் எழுந்து போகாத சோம்பேறி என்று மாமியார் திட்டினாள். அப்புறம் காதுதான் காரணம் என்று தெரிந்ததும், செவிட்டு வம்சத்துப் பெண்ணை மறைத்துத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பையனைத் தரவில்லை. தீபாவளிக்கு வந்து புது வேட்டி கொடுத்துவிட்டுப் போகிறானே, அவன்தான். அவர்கள் செய்தது அக்கிரமம். ஆனால் மறைத்துக் கட்டினோம் என்று அவர்கள் சொன்னதை நம் வீட்டில் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை, அது நிஜம்.

அன்றைக்கு மத்தியானம் வீணையை மடியில் வைத்துக்கொண்டே அண்ணி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா சொன்னது, அந்த அம்மாவுக்கு அவள் மாமியார் சொன்னது. இந்த வீட்டில் ரகசியம் இறங்குவது பெண்கள் வழியாகத்தான், அதுவும் கல்யாணம் முடிந்து திரும்பிப் போக வழியில்லாத காலத்தில். ஆதிமூல ஆசாரிக்கு முப்பது வயதைத் தாண்டும்போதே காது போக ஆரம்பித்துவிட்டது. மரத்தைக் குடைவதற்கும் இழைப்பதற்கும் காது வேண்டாம். ஆனால் வீணைக்குக் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. மெழுகைக் கரித்தூளோடு காய்ச்சித் தண்டியின் மேல் வார்த்து, அது இறுகுவதற்குள் மெட்டுகளை, தந்தியை அழுத்தும் அந்தப் பித்தளைக் கட்டைகளை, வரிசையாகப் பதிக்க வேண்டும். ஒவ்வொரு மெட்டும் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சுருதி கேட்டுத்தான் வைக்க முடியும், ஒரு நெல் அளவு நகர்ந்தாலும் ஸ்வரம் தப்பிவிடும். அதை மேளம் கட்டுவது என்பார்கள். காது கேட்காத ஆசாரி மேளம் கட்டினார் என்று வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள். அவர் பெண்சாதி பெயர் செங்கமலம். அவள் தந்தியை மீட்டுவாள், இவர் குனிந்து தண்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு கேட்பார். எலும்பு வழியாகச் சத்தம் உள்ளே போய்விடுகிறது, அண்ணிக்குக் கேட்டது போல. அப்படித்தான் அவர் கடைசி வரைக்கும் அத்தனை வீணைகளுக்கும் மேளம் கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் மேல்கோட்டையிலிருந்து ஒரு வித்வான் தன் வீணை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டார். இவர் வீணை மேல் கவிழ்ந்து வாயை வைத்துக்கொண்டிருக்கிறார். வித்வான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இதென்ன என்று கேட்டிருக்கிறார். இவருக்குக் கேட்டால்தானே பதில் சொல்வதற்கு. செங்கமலம்தான் எழுந்து வந்து, "சாமி, அவரு வீணையக் கும்புடாம ஒரு மெட்டும் வெக்க மாட்டாருங்க. வேல நடக்கறப்ப பேசவும் மாட்டாரு" என்றாளாம். வித்வான் உருகிப் போய்விட்டார். இவ்வளவு பக்தியா என்று அங்கேயே நின்று கைகூப்பினார். போகிற இடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு பக்தர் செய்கிற வீணைதான் வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அவளுக்கு வேறு என்ன சொல்லத் தோன்றும், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அடுப்பு எரிய வேண்டும். நான் அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் இதைவிடப் பெரிதாக அளந்திருப்பேன்.

ஆனால் வந்தவர்களுக்குச் சொன்ன கதையை வீட்டுக்குள்ளும் சொல்ல ஆரம்பித்தார்கள் பார், அங்கேதான் கோளாறு. பிள்ளைகளுக்கும் அதுவே பக்தி என்று ஆயிற்று. அவருடைய இரண்டாவது மகன் தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டு தகப்பனுக்குச் சரியாக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான். அவனுக்கும் அதே வயதில் காது மங்க ஆரம்பித்தது. அப்போது தகப்பன் உயிரோடு இல்லை. தாய் இருந்தாள், ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பக்தர் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது, இல்லை, அவர் செவிடர் என்று எப்படிச் சொல்வது என்று இருந்திருப்பாள். அவன் சுருதி சேராத வீணைகளாகச் செய்தான், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், தனக்கு அப்பாவின் பக்தி இல்லை, அதனால் சரஸ்வதி கைவிட்டுவிட்டாள் என்று நினைத்து உளியை வைத்துவிட்டு மர வண்டி ஓட்டப் போய்விட்டான். பல்லால் கடித்தால் கேட்கும் என்று ஒரே ஒரு வார்த்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் செத்த பிறகுதான் செங்கமலம் மருமகளிடம் வாயைத் திறந்தாளாம். அவன்தான் உன் அப்பாவுக்குத் தாத்தா. தொழில் அதோடு போயிற்று. அது போனதற்காக நான் அழமாட்டேன், லேத்தும் கம்ப்யூட்டரும் நமக்குச் சோறு போடாமல் இல்லை. அந்த மனுஷன் சாகும் வரைக்கும் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டிருந்தானே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணி எனக்கு அந்த இடத்தையும் காட்டினாள். யாளி முகத்துக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார், வழவழப்பான மரத்தில் இரண்டு வரிசைப் பள்ளம் இருக்கும். விற்ற வீணைகளில் எல்லாம் தடத்தைத் தேய்த்து மெருகு போட்டுத்தான் கொடுத்தாராம். வீட்டுக்கென்று செய்து வைத்த இதில் மட்டும் தேய்க்காமல் விட்டிருக்கிறார். வருஷா வருஷம் எண்ணெய் போட்டுத் துடைக்கிற நான் அதை எலி கடித்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை யாராவது பார்த்துக் கேட்கட்டும் என்று விட்டாரோ என்னவோ, தெரியாது. செத்துப்போனவர் மனசில் இருந்ததை நான் எப்படிச் சொல்ல முடியும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் என் வாய் என்ன செய்தது என்று கேள். சரஸ்வதி பூஜைக்குச் சுமதியும் அவள் அம்மாவும் வந்தார்களே, அந்த அம்மா வீணையைப் பார்த்து, "ஹௌதா, பழைய வீணையா?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டதும், நான் பாட்டுக்கு ஆதிமூல ஆசாரியின் பக்தியை அவிழ்த்துவிட்டேன். சொல்லிச் சொல்லி நாக்குக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சமையலறையில் அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் சுண்டலைத் தாளிக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன்.

அன்றைக்கு நீ சோபாவில் உட்கார்ந்திருந்தாய். சுமதி முதலில் உனக்கு இடது பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போது பெங்களூர் திரும்பிப் போகிறீர்கள் என்று உன்னைக் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "ஆமா, நல்லா இருந்துச்சு" என்றாய். அவள் அம்மா கவனிக்கவில்லை, உன் அப்பாவுக்கு எதுவுமே காதில் விழவில்லை. நான் கவனித்தேன். அவள் ஒரு நொடி உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்தவள், டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து உன் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். நீ சரியாகப் பதில் சொன்னாய். மூன்றாங்கிளாஸ் டீச்சர், ஒரு வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பழகியவள். அவளுக்கு இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கிறாய். நீ அன்று சாயங்காலம்தான் பஸ் ஜன்னல் வழியாக, மூச்சு விட்டுறாதே என்கிறாய்.

இந்த வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் சுமதி வந்திருந்தாள், நிச்சயத்துக்கு ரவிக்கை தைக்க அண்ணியிடம் அளவு கொடுக்க. அண்ணியின் காது மிஷின் வழக்கம் போல விசில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. அண்ணிக்கு நேராக, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி உட்கார்ந்துகொண்டு நிதானமாகப் பேசினாள். அண்ணி ஒரு வார்த்தையையும் திருப்பிக் கேட்கவில்லை. அளவு எடுத்து முடிந்ததும், "உங்களுக்கு எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டாள். அண்ணி பிள்ளை பிறந்ததிலிருந்து என்று சொன்னாள், சேலத்துக் கதையையும் சொன்னாள், எதையும் ஒளிக்கவில்லை. சுமதி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அத்தை, அவருக்கும் இருக்கா?" என்றாள்.

செங்கமலத்துக்கு வந்த நேரம் மாதிரி எனக்கும் வந்துவிட்டதே என்று இருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, அது உன் காது. "அத அவனையே கேளும்மா" என்றேன். அவள் ரவிக்கைத் துணியை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் கேக்க மாட்டேன் அத்தை. அவரே சொல்லட்டும். காது கேக்கலைன்னா நான் மத்தப் பக்கம் வந்து உக்காந்து பேசிடுவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா எங்கிட்ட மறைக்கறவருன்னா, நான் எந்தப் பக்கம் போய் உக்கார?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு காபி குடித்துவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு போனாள். நிச்சயத்துக்கு வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகவே கண்ணு, தீபாவளிக்கு நீ வருகிறாய். வந்ததும் பட்டாசு, பலகாரம் என்று உட்கார்ந்துவிடாமல் முதலில் அவளைப் போய்ப் பார். சாமுண்டி மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொள், அதற்கு நான் பொறுப்பு. டாக்டர் சொன்னதைச் சொல், அத்தைக்கு நடந்ததைச் சொல், வீணைக் கதையை நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அதையும் சரியாகச் சொல். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஊமையாக இருந்து நிச்சயம் நடந்தால் நான் வந்து தட்டு மாற்றமாட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணி சேலத்திலிருந்து வந்து இறங்கிய நாளை நான் இந்த வாசலில் நின்று பார்த்தவள். இன்னொரு வீட்டுப் பெண்ணை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

நீ சொல்லி, அவளும் சரியென்று, தையில் கல்யாணம் நடந்து நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குள் வந்தால், அண்ணி ஒன்று கேட்டிருக்கிறாள். எனக்கும் அதுதான் ஆசை. அன்றைக்கு எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும், பக்கத்து வீட்டு அம்மாவும் நன்றாகப் பார்க்கட்டும். வீணைத் தண்டியில் நீ நெற்றியை வைக்க வேண்டாம். யாளி முகத்துக்குக் கீழே அந்தத் தடம் இருக்கும் இடத்தில் உன் பல்லை வை. சுமதி தந்தியை மீட்டுவாள். உனக்குக் கேட்கும்.

அம்மா